ஆல்ஃபா ரோமியோ கிரான் ஸ்போர்ட் குவாத்ரோருவோத்தே: பழைய உருவத்துக்குள் ஒரு ஜூலியா

முப்பதுகளின் தோற்றத்தில் அறுபதுகளில் செய்யப்பட்ட கார் என்றதும் பொம்மைக்காரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. 1965 முதல் 1967 வரை மிலானின் ஸாகாட்டோ நிறுவனம் கையால் உருவாக்கிய இந்த இருவர் இருக்கைத் திறந்த கார், அந்த ஐயத்தைப் பெரும்பாலும் போக்கிவிடுகிறது. ‘குவாத்ரோருவோத்தே’ என்னும் இத்தாலிய கார் இதழை 1956-இல் தொடங்கிய ஜான்னி மாட்ஸோக்கியின் எண்ணத்தில் பிறந்ததால், அவ்விதழின் பெயரையே இதுவும் பெற்றது.

முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது, பொறியாளர் வித்தோரியோ யானோ வடிவமைத்த ஆல்ஃபா ரோமியோ 6சி 1750 கிரான் ஸ்போர்ட். அதன் புகழ்பெற்ற திறந்த உடலைக் கட்டியதும் ஸாகாட்டோவே என்பதுதான் இந்தக் காரின் தனிச்சிறப்பு. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் எக்ஸ்காலிபர் என்ற பெயரில், ஸ்டூட்பேக்கர் அடிச்சட்டத்தின் மேல் பழைய மெர்சிடிஸின் சாயலை ஏற்றி விற்றார்கள். அங்கே உருவம் இரவல். இங்கோ உறுப்புகள் ஆல்ஃபாவுடையவை, உடலைக் கட்டியவர்கள் பழைய வடிவத்துக்கே உரிமை உடையவர்கள். ஆகவே இதை நகல் என்பதைவிட, ஒரு பட்டறை தன் பழைய வேலையைத் தானே மீண்டும் செய்து பார்த்தது என்பதே பொருத்தம்.

தனித்து நிற்கும் முகப்பு விளக்குகள், நிமிர்ந்த ரேடியேட்டர் முகப்பு, கம்பி ஆரச் சக்கரங்கள், அலைபோல் வளைந்திறங்கும் மட்கார்டுகள் என வெளித்தோற்றத்தில் குறை காண்பது கடினம். பானட்டைத் திறந்தால்தான் காலம் மாறியது தெரியும். மூலக் காரின் 1752 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினும், அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரும் இங்கே இல்லை. ஆல்ஃபாவின் அறுபதுகளின் கார் வரிசையான ஜூலியாவின் 1570 சிசி நான்கு சிலிண்டர் இரட்டை கேம் எஞ்சினும் ஐந்து வேக கியர்பெட்டியும் அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. திறன் 92 குதிரைசக்தி. உருவான கார்களின் எண்ணிக்கையும் 92 என்பது தற்செயலான ஒற்றுமை. பழைய காரில் முன்னும் பின்னும் பட்டை வில்களின் மேல் அமர்ந்த விறைப்பான அச்சுகள் இருந்தன. முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஜூலியாவின் அமைப்பு, மேடுபள்ளத்தில் அதைவிட அடக்கமாக நடந்துகொள்ளக்கூடியது.

உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 155 கி.மீ. அதே எஞ்சினைக் கொண்ட நான்கு கதவு ஜூலியா, எடை கூடியிருந்தும், இதைவிட விரைவாக ஓடும். பெட்டி போலத் தோன்றினாலும் அந்தக் கார் காற்றைக் கணக்கிட்டுச் செதுக்கப்பட்டது. இதன் நிமிர்ந்த முகப்போ காற்றோடு மல்லுக்கட்டுகிறது. என் கணிப்பில் இது பெரிய குறையன்று. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் வென்ற 6சி 1750-இன் ஆறு சிலிண்டர் ஒலியை இங்கே எதிர்பார்ப்பவருக்குத்தான் உண்மையான ஏமாற்றம்.

மூலக் கார்கள் இன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியும் விலைபோகின்றன. இது அதில் சிறு பங்குக்கே கிடைக்கும். வாங்க எண்ணுபவர் எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஜூலியா குடும்பத்தின் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. உடலைத்தான் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். நசுங்கிய மட்கார்டுக்கு மாற்று எந்தக் கடையிலும் இருக்காது, தகட்டைத் தட்டி வளைக்கத் தெரிந்த கைவினைஞரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.