ஊக்கமூட்டும் ஆங்கிலச் சொற்களைக் கற்க ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதி: ஒரு மதிப்பீடு

அலுவலகச் சுவர்களிலும் பள்ளி ஆண்டுவிழா உரைகளிலும் வேலை விண்ணப்பங்களிலும் அன்றாடம் தென்படும் இன்ஸ்பிரேஷன், ரெசிலியன்ஸ், இன்டெக்ரிட்டி, எம்பதி, பெர்சிவியரன்ஸ் போன்ற சொற்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் தமிழில் ஏராளம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் எதிரே ஒற்றைத் தமிழ்ச் சொல்லுமாக அமைந்த அவற்றைப் படிக்கும்போது எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும். அச்சொல்லை வைத்து நான்கு வரி எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். இந்தக் குறையைத் தீர்ப்பதில் எனக்குத் தெரிந்த கருவிகளுள் முதலிடம் பெறுவது, ‘ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி’. அச்சு நூலாகவும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய இணையதளமாகவும் கிடைக்கும் இவ்வகராதியை, மேற்சொன்ன வகைச் சொற்களைக் கற்கும் நோக்கில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இதைத் தொகுத்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். இரு துணைத் தொகுப்பாளர்களுடன் அவர் உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை மறுவெளியீடு செய்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதப்பட்ட அகராதிகள், ஒரு கடினமான சொல்லுக்கு இன்னொரு கடினமான சொல்லைப் பொருளாகத் தந்து ஒதுங்கிக்கொள்ளும். வகுப்பறையில் பிறந்த இந்த அகராதி அப்படிச் செய்வதில்லை. ‘ஆக்ஸ்ஃபோர்ட் 3000’ எனப்படும் அடிப்படைச் சொற்பட்டியலைப் பெரும்பாலும் தாண்டாமலேயே விளக்கங்கள் எழுதப்பட்டிருப்பதால், நடுத்தர அளவு ஆங்கிலம் அறிந்தவர் ஒரு சொல்லைத் தேடப்போய் வேறு ஐந்து சொற்களைத் தேட வேண்டிய நிலை அரிதாகவே ஏற்படுகிறது.

இன்டெக்ரிட்டி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பட்டியல்கள் அதற்கு ‘நேர்மை’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அவ்வளவு மட்டும் கற்ற மாணவர், இந்திய அரசியலமைப்பின் ஆங்கில முகப்புரையில் தேசத்தின் ஒற்றுமையோடு சேர்த்து இதே சொல் வருவதைக் கண்டால் திகைக்கத்தான் செய்வார். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அங்கே சேர்க்கப்பட்ட அச்சொல்லுக்கு நேர்மை என்பதன்று, ஒருமைப்பாடு என்பதே பொருள். அகராதி இவ்விரண்டையும் தனித்தனிப் பொருளாக எண்ணிட்டுக் காட்டுகிறது: நாணயமும் உறுதியான ஒழுக்க நெறிகளும் கொண்டிருப்பது ஒன்று, பிளவுபடாமல் முழுமையாக இருப்பது மற்றொன்று. ரெசிலியன்ஸ் என்பதும் இப்படித்தான். அதிர்ச்சியிலிருந்தோ காயத்திலிருந்தோ விரைவில் மீளும் ஆற்றலை முதலில் விளக்கிவிட்டு, வளைத்தாலும் இழுத்தாலும் அழுத்தினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பொருள்களின் தன்மையை அடுத்துச் சொல்கிறது. பின்னதைப் படித்தவருக்கு முன்னது தானாகவே மனத்தில் பதியும்.

இருப்பினும், இவ்வகராதியின் பெரும் பலம் பொருள் விளக்கத்தில் இல்லை. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதைக் காட்டுவதில்தான் இருக்கிறது. இன்ஸ்பையர்டு என்பதை அடுத்து ‘ஃப்ரம்’ என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். ‘அவரிடமிருந்து ஊக்கம் பெற்றேன்’ என்று தமிழில் நினைத்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் பிழை அது. அகராதியின் எடுத்துக்காட்டுகளில் அவ்விடத்தில் ‘பை’ நிற்பதைப் பார்த்தவுடன் ஐயம் தீர்ந்துவிடுகிறது. ஒருவரை ஏதேனும் செய்யத் தூண்டுவது, ஒருவரிடம் நம்பிக்கை பிறக்கச் செய்வது, ஒரு கலைப்படைப்புக்குக் கருவாக அமைவது என்று அதே வினைச்சொல்லின் வெவ்வேறு வாக்கிய அமைப்புகளும் அருகருகே தரப்பட்டுள்ளன. ஆம்பிஷஸ் என்னும் சொல் மனிதர்களுக்கு மட்டுமன்றித் திட்டங்களுக்கும் பொருந்தும் என்பதையும், அப்போது அது மிகுந்த உழைப்பையும் பணத்தையும் கோரும் திட்டம் என்ற பொருளைத் தரும் என்பதையும் ஒற்றைச் சொல் பட்டியல் எப்படிச் சொல்லும்? ஹம்பிள் என்பதை ஆங்கிலேயர் தம்மைக் குறித்துச் சொல்லும்போது அதில் பல நேரங்களில் விளையாட்டுத் தொனி கலந்திருக்கும் என்ற குறிப்பும் உண்டு. அதைக் கவனிக்காமல், ‘அடியேன்’ என்ற பணிவோடு விண்ணப்பக் கடிதத்தில் அச்சொல்லைப் போடுபவர்கள் தர்மசங்கடத்துக்கு ஆளாகக்கூடும்.

இணையதளத்தில் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாட்டு உச்சரிப்புகளையும் ஒலியாகக் கேட்கலாம். டிட்டர்மின் என்று ஒலிக்க வேண்டிய சொல்லை ‘டிட்டர்மைன்’ என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவருபவர்கள் நம்மில் பலர். பெர்சிவியரன்ஸ் என்பதில் அழுத்தம் ‘வியர்’ என்ற இடத்தில் விழுகிறது என்பதையும் எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. இந்த ஒலிப்பதிவுகளுக்காகவே அச்சு நூலைவிட இணையதளத்தை நான் அதிகம் பரிந்துரைப்பேன். பல சொற்களுக்கு அங்கே பிறப்பு வரலாறும் தரப்பட்டுள்ளது. இன்ஸ்பையர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘உள்ளே மூச்சை ஊதுதல்’ என்று பொருள். ஆம்பிஷன் என்பதோ, பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வாக்குக் கேட்டுச் சுற்றி வந்ததைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தேர்தல் காலத்தில் நம் தெருக்களைப் பார்த்த எவருக்கும் அது மறக்காது.

குறைகளும் உண்டு. விளம்பரங்களுக்கிடையே படிக்க வேண்டியிருப்பது எரிச்சல் தருகிறது. பல பொருள் கொண்ட சொற்களின் பதிவுகள் மிக நீண்டு, கற்பவர் தமக்கு வேண்டிய பொருள் எது என்று தெரியாமல் முதல் பொருளோடு நின்றுவிட இடம் தருகின்றன. ஆங்கிலத்தில் எளிய பத்தியைத் தானாகப் படிக்க இயலாதவருக்கு இந்த அகராதி உதவாது. அவர் இருமொழி அகராதியில் தொடங்குவதே நல்லது. தமிழ்ப் பொருள் இதில் அறவே இல்லை என்பதை மட்டும் நான் குறையாகக் கருதவில்லை. ஆங்கில விளக்கத்தையும் எடுத்துக்காட்டுகளையும் படித்த பிறகு, அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பாசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக 1960களில் வெளிக்கொணர்ந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டினால், ஒரு சொல்லுக்கு அது அடுக்கித் தரும் பல தமிழ் நிகரன்களில் எது எந்தப் பொருளுக்கு உரியது என்று நாமே பிரித்தறிய முடிகிறது. முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று வரிசையை மாற்றினால் இந்தப் பயன் கிட்டுவதில்லை.

வாங்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. அடிப்படைச் சொற்களுக்கு ஏ1 என்னும் தொடக்க நிலை முதலாகக் கற்றல் படிநிலைகள் குறிக்கப்பட்டிருப்பதே பத்தாம் பதிப்பின் முக்கியச் சிறப்பு. அப்பட்டியல்களை இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஊக்கம், நேர்மை, துணிவு சார்ந்த சொற்களின் பொருள் ஐந்தாறு ஆண்டுகளில் மாறிவிடப் போவதில்லை என்பதால், ‘ஆக்ஸ்ஃபோர்ட் 3000’ பட்டியல் இடம்பெறத் தொடங்கிய 2005ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் எழுதிய தமிழ்ப் பொருள்கள் ஓரங்களில் இருந்தால், அவற்றை மட்டும் அழித்துவிடுங்கள்.