சேமிக்காத ஆவணம்: வேர்ட், ரைட்டர், கூகுள் டாக்ஸ் – எதில் மீட்பது எளிது?

தட்டச்சு செய்த ஆவணம் கைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிடலாம். மூடும்போது வரும் கேள்விக்கு அவசரத்தில் ‘டோன்ட் சேவ்’ என்று அழுத்திவிடலாம். நல்ல பிரதியின் மேலேயே வேறொன்றை எழுதிச் சேமித்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றுள் எது உதவும் என்பது, இவற்றுள் எது நேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

கணினி திடீரென்று அணைந்துபோனால் வேர்டும் ரைட்டரும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் இயல்பாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்துவைத்து, மறுமுறை திறக்கும்போது அதை நம் முன் வைக்கின்றன. ஆனால் கடைசியாக எழுதிய சில நிமிட உழைப்பு போனது போனதுதான் என்பதால், ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அந்த இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்துக்கொள்வது நல்லது. கூகுள் டாக்ஸ் எழுத எழுதவே சேமித்துவிடுவதால் இழப்பு ஓரிரு வரிகளைத் தாண்டாது. இணைய இணைப்பு இருக்க வேண்டும், அல்லது ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கிவைத்திருக்க வேண்டும்.

‘டோன்ட் சேவ்’ அழுத்தியவர்களுக்குத்தான் வேறுபாடு முகத்தில் அறைகிறது. வேர்டில் 2010 பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலே இருப்பது வருத்தத்துக்குரியது. ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமென்ட் என்று சென்று ‘ரிகவர் அன்சேவ்ட் டாகுமென்ட்ஸ்’ என்பதைச் சொடுக்கினால், ஒருமுறைகூடப் பெயரிட்டுச் சேமிக்காத ஆவணங்கள்கூட ஏ.எஸ்.டி. என்ற பின்னொட்டுடன் அங்கே காத்திருக்கும். பெயரிட்ட பழைய ஆவணமாக இருந்தால், அதைத் திறந்து அதே இன்ஃபோ பக்கத்தைப் பார்த்தால், சேமிக்காமல் மூடிய பிரதி தென்படும். பெயரிடாத பிரதிகள் 4 நாள்கள் வரைதான் இருக்கும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. தானியங்கிச் சேமிப்பு ஒருமுறையாவது நிகழ்ந்திருந்தால்தான் எதுவும் கிடைக்கும். ரைட்டரில் இந்த வாய்ப்பே இல்லை: சேமிக்க வேண்டாம் என்றவுடன் மீட்புப் பிரதியையும் அது அழித்துவிடுகிறது. கூகுள் டாக்ஸில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

பழைய பிரதியின் மேல் எழுதிவிட்ட சிக்கலில் கூகுள் டாக்ஸுக்கே முதலிடம். அதன் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ முந்தைய நிலைகளை நாள், நேரத்துடன் காட்டுகிறது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்த வேர்ட் கோப்புக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் அங்கே ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. சென்ற மாதக் கடிதத்தைத் திறந்து, தேதியையும் பெயரையும் மாற்றி, பிறகு வேறு பெயரில் சேமிப்பது நம் அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கம். மாற்றங்களை உடனுக்குடன் தானே சேமிக்கும் ‘ஆட்டோசேவ்’ இயங்கும்போது, வேறு பெயர் கொடுப்பதற்குள்ளேயே பழைய கடிதம் மாறிவிடுகிறது. ஆகவே முதலில் ‘சேவ் எ காப்பி’ செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கணினியிலேயே கோப்பை வைத்திருப்போருக்கு வேர்டிலும் ரைட்டரிலும் ‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்ற தெரிவு உள்ளது. வேர்டில் நாமே அதை இயக்க வேண்டும்; ரைட்டரில் 24.2 பதிப்பு முதல் அது இயல்பாகவே இயங்குகிறது, பழைய பதிப்புகளில் நாமே இயக்க வேண்டும். கடைசிக்கு முந்தைய சேமிப்பு மட்டுமே அதில் கிடைக்கும்.

நிலையான இணையம் இல்லாத இடத்தில் ஆய்வேடு போன்ற நீண்ட பணியைச் செய்பவருக்கு வேர்டையே நான் பரிந்துரைப்பேன். இலவச மென்பொருள் வேண்டுவோர் ரைட்டரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் மீட்புப் பிரதியின் இடைவெளி, பேக்கப் காப்பி ஆகிய இரு அமைப்புகளையும் முதல் நாளே சரிபார்த்து, தேவையானால் மாற்றிவிட வேண்டும்.

கோப்பையே அழித்துவிட்டால் கதை வேறு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள்கள் இருக்கும்; கணினியில் ரீசைக்கிள் பின்னைப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள்தான் வழி. ஹார்டு டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை நம்பிக்கை உண்டு, புதிய வகைச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற கட்டளை விரைவிலேயே துப்புரவாக்கிவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. எதுவானாலும் அந்த வட்டில் வேறு எதையும் எழுதாமல், மீட்ட கோப்பை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோதான் இறக்க வேண்டும்.