வீட்டுக்காரரோடு பிசினஸ் ட்ரிப்: பேரோலில் சேர்ப்பதா, சிங்கிள் ரூம் கணக்கா?

அமெரிக்காவில் சொந்தத் தொழில் வைத்து ஷெட்யூல் சி (தனிநபர் தொழிலின் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவம்) போடுகிறவர்களுக்கு இது. வேலையாக வெளியூர் போகும்போது கணவரோ மனைவியோ கூட வந்தால் டாக்ஸில் இரண்டு வழி: அவரை நம் ஊழியராக்கி (பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில் சேர்த்து) அவர் செலவையும் வரிக்குரிய வருமானத்தில் கழிப்பது, அல்லது நம் செலவை மட்டும் கழிப்பது. நான் இரண்டாவதில்தான் போகிறேன்.

முதல் வழி கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1993-இல் வரிச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, கூட வருபவர் நம் ஊழியராகவும் இருக்க வேண்டும், அந்தப் பயணத்தில் அவருக்கு உண்மையான தொழில் வேலையும் இருக்க வேண்டும். ஊழியராக்காமல், வெளி ஒப்பந்தக்காரர் என்று 1099 படிவம் கொடுத்து ஒப்பேற்ற முடியாது. எப்போதாவது நோட்ஸ் டைப் செய்தார், கிளையண்ட் டின்னருக்கு வந்தார் என்பதெல்லாம் எடுபடாது என்று ஐஆர்எஸ்ஸின் (அமெரிக்க வரித் துறை) பயணச் செலவுக் கையேடான பப்ளிகேஷன் 463 உதாரணத்தோடு சொல்கிறது. தவிர, ஒரு ஃப்ளைட் டிக்கெட்டுக்காக வருஷம் முழுக்க பேரோல், ஃபார்ம் 941 (காலாண்டு சம்பள வரிப் படிவம்), டபிள்யூ-2 (ஊழியரின் வருடாந்தரச் சம்பளப் படிவம்) என்று யார் மாரடிப்பது?

சரி, முதல் வழியை விட்டுவிட்டால் எவ்வளவு நஷ்டம்? நினைப்பதைவிடக் குறைவு. காரில் போனால் இருவர் போனாலும் ஒரே மைலேஜ்தான் (2025-க்கு மைலுக்கு 70 சென்ட்), முழுசாகக் கழிக்கலாம். ஹோட்டலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், இருவர் தங்கினோம் என்று வாடகையைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தனியாகத் தங்கியிருந்தால் என்ன கொடுத்திருப்போமோ அதைக் கழிக்கலாம். அதே 463-இன் உதாரணத்தில் டபுள் ரூம் 199 டாலர், சிங்கிள் 149 என்றால் கழிக்க வேண்டியது 149, தொண்ணூற்றொன்பதரை இல்லை. ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே ரேட் போடும் ஹோட்டல்கள் ஏராளம், அங்கே முழு வாடகையும் நம் கணக்கு. புக் செய்யும் அன்றைக்கே கெஸ்ட் எண்ணிக்கையை 1 என்று மாற்றி, வருகிற ரேட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரசீதோடு வைத்துவிடுவேன். அப்புறம் தேடினால் அந்த ரேட் இருக்காது. ஆக, கையை விட்டுப் போவது அவர் டிக்கெட்டும் சாப்பாடும்தான். (நம் சாப்பாடே பாதிதான் கழியும்.)

அவர் ஏற்கனவே பேரோலில் இருந்து நிஜமாகவே வேலை பார்க்கிறவர் என்றால் முதல் வழி சரி. கம்பெனியே துணையின் செலவைக் கொடுத்து அதை நம் சம்பளமாகக் காட்டும் வழியும் உண்டு. எஸ் கார்ப் (ஒருவகைக் கம்பெனி அமைப்பு) வைத்திருப்பவர்கள் அதை சிபிஏவிடம் (ஆடிட்டரிடம்) கேளுங்கள், நான் அந்தப் பக்கம் போனதில்லை.