எழும்பூர் அருங்காட்சியகம்: வடசென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் பிள்ளைகளோடு ஒரு பகற்பொழுதைச் செலவிட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பகுதி மாலைநேரப் படிப்பகத்தின் மாணவர்களை அண்மையில் அங்கே அழைத்துச் சென்று வந்ததை வைத்தே இதைச் சொல்கிறேன்.

புறப்படும் முன்பே எட்வர்ட் பால்ஃபோரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். 1813-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1834-இல் மருத்துவராக இந்தியாவுக்கு வந்த அவரிடம்தான், 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பு முதன்முதலில் ஒப்படைக்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடு கல்லூரிச் சாலையில் உருவான தொகுப்பை அவர் அறிஞர்களுக்கு மட்டும் உரியதாக அடைத்துவைக்கவில்லை. எழும்பூரில் இன்று அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறிய பின், உயிருள்ள புலிக்குட்டியையும் சிறுத்தையையும் பார்க்க மக்கள் திரளாக வருவதைக் கண்டு, அங்கேயே ஒரு விலங்குக்காட்சிசாலையை வளர்த்தெடுத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் மூர் மார்க்கெட் அருகே பார்த்து வளர்ந்ததும், 1985-இல் வண்டலூருக்குப் போனதுமான ‘உயிர் காலேஜ்’ அதன் வழிவந்ததுதான். இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856-இலும் பொறுப்பில் இருந்தவர் அவரே என்று சொன்னபோது, தினமும் அந்த நிலையத்தைக் கடந்து செல்லும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் சட்டென்று பிடிபட்டது.

1850-இல் முகமதியர் பொது நூலகம் அமைய முன்னின்றவர் பால்ஃபோர். பிற்காலத்தில் மருத்துவத் துறையின் தலைமைப் பதவியில் இருந்தபோது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாடினார். 1875-இல் அங்கே நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். ஓர் அறிவு நிலையத்துக்கு வெளியே நிற்பவர் யார், அவரை உள்ளே அழைத்துவருவது எப்படி என்ற அக்கறை அவருடைய பணிவாழ்க்கை முழுவதும் தெரிகிறது. அருங்காட்சியகத் தலைவர்களை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அளவுகோலில் இன்றைய அருங்காட்சியகம் நன்றாகவே தேறுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் நின்று, அப்பாவும் தாத்தாவும் சொன்ன கடல் கதைகளை எங்களுக்கே விளக்கத் தொடங்கிவிட்டார்கள். செப்புத்திருமேனிக் கூடத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரும், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகளும் தனியே நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை. திருவாலங்காடும், 1863-இல் ஃபூட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் நமக்கு அண்டையில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் என்பதை அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களை, அவை சொல்லும் கதை தெரிந்த ஒருவர் உடன் வந்தால் மட்டுமே முழுமையாக அனுபவிக்க முடியும்.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளின் உயர்வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விடுமுறை நாள்களில் அவர்களையே கூடங்களில் வழிகாட்டிகளாக நிற்கவைத்தால், பால்ஃபோர் தொடங்கிய வேலை இன்னும் ஒரு படி முன்னேறும். எங்கள் படிப்பகத்திலிருந்தே அதற்கு ஆர்வத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. கடற்கரை நிலையத்தில் வண்டி மாறிக் காலையிலேயே போய்ச் சேருங்கள். சிறு பிள்ளைகள் உடன் இருந்தால் விலங்கியல் கூடங்களில் தொடங்கி, செப்புத்திருமேனிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.