பானட் சூடாக இருந்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்

கோவையில் பழைய டீசல் கார் தேடும் நம்ம நீலகிரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன நவம்பரில் ஒரு புரோக்கர் காலை 7 மணிக்கு வரச் சொன்னார். வண்டி ஈரம் சொட்ட நின்றது. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, புகையே இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றதையும் பார்த்தேன். "இப்பத்தானுங்கண்ணா வாட்டர் வாஷ் முடிச்சு ஓட்டிட்டு வந்தோம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஏமாந்தது அங்கேதான். 3 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்து ஊட்டிக்கு ஓட்டி வந்தேன்.

டிசம்பரில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு விடியற்காலை, ஆறேழு முறை செல்ஃப் அடித்த பிறகு வண்டி நடுங்கிக்கொண்டே கிளம்பியது. வாசல் முழுக்க வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் நாற்றம். போனில் கேட்டதற்கு, "ஊட்டிக் குளிருக்கு எந்த டீசல் வண்டியும் அப்படித்தானுங்க. தினம் 20 நிமிஷம் ஓடவிட்டு எடுங்க" என்றார். நம்பி ஒரு மாதம் அப்படியே செய்தேன். அப்புறம் ஒருநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. துடைத்த துணியில் டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

மெக்கானிக் பார்த்ததில், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் 4 ஹீட்டர் பிளக்கில் 3 வேலை செய்யவில்லை. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதில் வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ஆறிக் கிடக்கும் என்ஜினில் இந்தக் கோளாறுகள் உடனே தெரிந்துவிடும். ஏற்கெனவே சூடேறிய என்ஜினில் தெரியாது. அதனால்தான் அந்தப் புரோக்கர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தார். என்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்ற 68 ஆயிரம் ஆனது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை.

முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம். ஆறியிருந்தால் சாவியை ஆன் செய்து, டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்கைக் காட்டும் சுருள் விளக்கு அணைந்ததும் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கூட வந்தவரைப் பின்னால் நின்று புகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல என்ஜினுக்கு 20 நிமிடம் எல்லாம் தேவையே இல்லை. சும்மா நின்று ஓடும் டீசல் என்ஜின் லேசில் சூடேறாது. மெதுவாக ஓட்டினால்தான் ஏறும். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறேன். முள் ஏறும்வரை 2000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை. ஆயில் குச்சியை மட்டும் இன்னமும் ஞாயிறுதோறும் உருவிப் பார்க்கிறேன்.