சக்கை, சீமைக் கருவேலம், வைக்கோல்: மின்கட்டமைப்புக்கு எது ஒத்துவரும்?

காற்றும் சூரியனும் தமிழ்நாட்டு மின்கட்டமைப்பில் பெரிய இடத்தைப் பிடித்துவிட்ட நிலையில், சக்கை, விறகு, பயிர்க்கழிவு போன்ற உயிரிப்பொருளை எரித்து எடுக்கும் மின்சாரத்தை அதன் பசுமைக்காக மட்டும் பாராட்டுவது போதாது. காற்றாலைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களிலும், பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வேளையிலும் அது கைகொடுக்குமா என்பதையும், அதற்கான எரிபொருளை யார் எங்கிருந்து கொண்டுவந்து சேர்ப்பது என்பதையும் வைத்தே இங்கு எடைபோடுகிறேன்.

கரும்புச் சக்கையை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. சர்க்கரைக்காக ஆலை வாசலுக்கு வரும் 100 டன் கரும்பில் ஏறத்தாழ 30 டன் சக்கையாக மிஞ்சுகிறது. அதில் பாதி ஈரம்தான் என்றாலும், உயர் அழுத்தக் கொதிகலனில் அதை எரித்து, விசையாழியைச் சுழற்றிய நீராவியைக் கொண்டே சாற்றையும் காய்ச்சிக்கொள்வதால் ஒரே எரிபொருளில் இரண்டு வேலை முடிகிறது. பருவமும் பொருந்துகிறது: தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிய காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை அதிகம் உற்பத்தி செய்ய, அரவையோ பெரும்பாலும் மார்கழியை ஒட்டித் தொடங்கிக் கோடை வரை நீள்கிறது. ஆனால் மழை பொய்த்துக் கரும்புப் பரப்பு சுருங்கும் ஆண்டில் கொதிகலனும் பட்டினி கிடக்கும். போட்டிக்கு ஆளும் உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருளாக நிலக்கரியைக் கொடுத்து, மரத்துக்குப் பதிலாகக் காகிதக்கூழ் செய்யச் சக்கையைப் பெறும் ஏற்பாட்டை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது. அங்கே மரம் தப்பியது, நிலக்கரி எரிந்தது. இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சீமைக் கருவேலம் இதற்கு நேர் எதிர். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில் அது தானாக வளர்ந்து கிடக்கிறது என்பதை நம்பித் தொடங்கப்படும் 10 மெகாவாட் மின்நிலையம், முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 250 டன் விறகை விழுங்கும். வெட்டவும் ஏற்றவும் கூலி கொடுத்தாக வேண்டும்; கரிமூட்டம் போடுபவர்களும் அதே விறகுக்கு விலை கேட்பார்கள். காட்டில் இலவசமாக நின்ற மரம் உலைவாசலில் விலையேறிய சரக்காகிவிடுகிறது. இதைவிடப் பெரிய முரண், உயர்நீதிமன்றமும் அரசும் அடியோடு ஒழிக்கச் சொல்லும் ஒரு மரத்தை, இருபது ஆண்டு ஓட வேண்டிய ஆலைக்கு நிரந்தர எரிபொருளாகக் காட்டுவது.

மூன்றாவது வழி, பயிர்க்கழிவை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்டுகளை) இருக்கின்ற அனல்மின் நிலையத்தில் நிலக்கரியுடன் கலந்து எரிப்பது. புதிய ஆலை வேண்டாம். சிறிய விறகு மின்நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினால், பெரிய அனல்மின் நிலையம் மூன்றில் ஒரு பங்கை மாற்றித் தருகிறது. மாலை நேரத் தேவைக்கேற்ப உற்பத்தியை ஏற்றி இறக்கவும் ஓரளவு முடியும். ஒன்றிய அரசு 2024-25 முதல் 5 விழுக்காடு கலக்கச் சொன்னதற்குப் பின்னால் வடஇந்திய வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலின் புகையும் இருக்கிறது. காவிரிப் படுகையின் நிலை வேறு. இங்கே அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுக்கட்டாக மாட்டுத் தீவனத்துக்கு விலைபோகிறது. அதை உலையில் போடச் சொன்னால் பால் மாடு வைத்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார். தவிர, வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் கொதிகலன் குழாய்களில் கட்டிதட்டும்.

எரிக்காமல் கழிவை நொதிக்கவைத்து எடுக்கும் அழுத்தப்பட்ட உயிரிவாயு நான்காவது வழி; அதைச் சேமிக்கலாம், குழாயிலும் அனுப்பலாம். ஈரமான கோழி எருவும் சர்க்கரை ஆலைக் கழிவுச் சேறும் எரிப்பதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவும். இந்த வாயுவுக்காக ஒன்றிய அரசு 2018-இல் 5,000 ஆலைகள் என்று தொடங்கிய திட்டம் அந்த எண்ணிக்கைக்கு வெகுதூரம் பின்தங்கியதால், வாகனங்களுக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் போகும் நகர எரிவாயுவில் 2025-26-இல் 1 விழுக்காடு, 2028-29-இல் 5 விழுக்காடு கலக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அந்த வாயுவுக்கு வாகனமும் அடுப்பும் காத்திருப்பதால், அதை எரித்து மின்சாரமாக்க யாரும் அவசரப்படப் போவதில்லை.