ஒன்பது இலையுதிர் காலம், இரண்டு பரண்கள்: மிச்சிகனில் மான் வேட்டை அனுபவம்

மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், நண்பர் ஒருவருக்குச் சொந்தமான 40 ஏக்கர் நிலத்தில் ஒன்பது ஆண்டுகளாக வில் கொண்டு வெண்வால் மான் வேட்டையாடி வருகிறேன். எல்லாமே மரத்தின் மேலிருந்துதான். இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்று சொல்லப்படும் இருக்கையை நான் பரண் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தினைப்புனத்தில் வள்ளி ஏறி நின்று கிளி ஓட்டியதும் பரணில்தான். சங்கப் பாடல்களில் அதற்கு இதணம் என்று பெயர். அவள் வருவதை விரட்ட ஏறினாள். நான் வருமா என்று பார்க்க ஏறுகிறேன்.

என்னிடம் இரண்டு பரண்கள் இருக்கின்றன. ஒன்று, மரத்தில் சாய்த்துக் கட்டும் ஏணிப் பரண். வயல் ஓரத்தில், தரையிலிருந்து சுமார் 15 அடியில் இருக்கிறது. இன்னொன்று, ஓக் மரங்கள் நிற்கும் மேட்டில் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டிய தொங்கு பரண்; 17 அடி. முதலாவது மாலைக்கு, இரண்டாவது காலைக்கு. இந்தப் பிரிவினை எனக்குப் புரியவே மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மான்களை எச்சரித்து அனுப்பினேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏணிப் பரண் கனமானது; தூக்கிச் சென்று நிறுத்த மூன்று பேர் வேண்டும். நிறுத்திவிட்டால் பாறை போல நிற்கும். ஆனால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் எடையை மாற்றி உட்கார்ந்தாலே இரும்போடு இரும்பு உரசி முனகும். இரண்டாம் ஆண்டு நவம்பரில் அந்த ஒரு முனகலால் 30 கஜத்தில் நின்ற பெரிய ஆண் மானை இழந்தேன். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி எல்லா இணைப்புகளிலும் செருகினேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. தொங்கு பரண் அமைதியானது, இலேசானது. அதன் பலவீனம் பட்டைகள். ஒரு குளிர்காலம் முழுக்க மரத்திலேயே விட்டுவைத்தேன். கோடையில் போய்ப் பார்த்தால் வெயிலில் வெளிறி, அணில் கடித்து, கையால் இழுத்தாலே நார் பிரிந்தது. விற்ற நிறுவனம் மாற்றுப் பட்டை அனுப்பப் பல வாரம் எடுத்துக்கொண்டது. ஆனால் தவறு என்னுடையது. வேட்டைக்காலம் முடிந்ததும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதித்தான் இருந்தது. இப்போது பட்டைகளை ஆண்டுதோறும் சோதித்து, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுகிறேன்.

பாதுகாப்புக் கச்சையைப் பற்றி விவாதமே இல்லை. உடல் முழுவதையும் பிடிக்கும் கச்சை, மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை தொங்கும் பாதுகாப்புக் கயிறு, அதில் நழுவி, எடை விழுந்தால் இறுகும் புரூசிக் முடிச்சு: காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே கச்சை கயிற்றோடு மாட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு மாட்டுவேன் என்பவர்கள், விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். விழுந்து கச்சையில் தொங்கினாலும் ஆபத்து முடிந்துவிடாது. தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தை அடைக்கும். காலை ஊன்றிக்கொள்ள ஒரு வளையக் கயிறு பையில் இருக்க வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாமல், மேலே போய் அமர்ந்த பிறகு கயிற்றில் கட்டி இழுக்கிறேன்.

இனிப் பேச வேண்டியது காற்று.

எங்கள் நிலத்தின் மேற்கே கோரை மண்டிய சதுப்பு. பகலில் மான்கள் அங்கே படுத்திருக்கும். கிழக்கே சோயா வயல். சூரியன் சாயும் வேளையில் மேற்கிலிருந்து கிழக்கே தின்னப் போகும். விடியலில் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும். ஏணிப் பரண் இரண்டுக்கும் இடையே நிற்கிறது. மேலைக்காற்று வீசும் மாலையில் என் வாடை வயல் பக்கம் போகும். மான் எனக்குப் பின்னாலிருந்து, எதையும் அறியாமல் வரும். அதே மேலைக்காற்றில், அதே பரணில் காலை நேரம் உட்கார்ந்தால் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு மூக்குக்கும் நானே ஆளனுப்பியது போல ஆகிவிடும். போதாததற்கு, இருட்டில் அந்த வயலைக் கடந்துதான் பரணுக்குப் போக வேண்டும். முதல் ஆண்டு இதைத்தான் செய்தேன், வாரத்தில் நான்கு நாள். மான்கள் நள்ளிரவுக்குப் பிறகே வயலுக்கு வரத் தொடங்கின. "இங்கே மான் இல்லை" என்று நண்பரிடம் முறையிட்டேன். நிலத்துக்காரரான அவர் சிரித்துக்கொண்டே, "மான் இருக்கிறது. நீயும் இருக்கிறாய். அதுதான் சிக்கல்" என்றார்.

வானிலை அறிக்கையில் வரும் காற்றுத் திசை பாதிக் கதைதான். மீதியை மில்க்வீட் என்ற செடியின் பஞ்சு சொல்லும். நம் ஊர் எருக்கின் உறவுக்காரச் செடி அது; காயை உடைத்தால் எருக்கம் பஞ்சு போலவே பறக்கும். பரணில் உட்கார்ந்து ஓர் இழையை விட்டால் முப்பது நாற்பது அடி தூரம் எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பொடி தூவிப் பார்ப்பதைவிட இது மேல். பொடி கைக்கு அருகிலேயே மறைந்துவிடும். இந்தப் பஞ்சுதான் எனக்கு ஏணிப் பரணின் கோளாறைக் காட்டிக்கொடுத்தது. சூரியன் மறையும் வரை இழை கிழக்கே போனது. மறைந்த பத்து நிமிடத்தில் காற்று அடங்கியது. குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து சதுப்பை நோக்கித் திரும்பியது. மானுக்கு நேர் எதிரே. வெயில் ஏறும்போது காற்று மேலே எழும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் கடைசி அரை மணி நேரத்தில், மான் வரும் அந்த அரை மணி நேரத்திலேயே அது நடக்கிறது என்பதுதான் உறைத்தது. எத்தனை மாலைகளில் சதுப்பின் ஓரத்திலிருந்து ஒரு பெண்மான் காலைத் தட்டி, மூக்கால் ஊதி, காட்டையே எழுப்பிவிட்டு ஓடியிருக்கிறது! மறு ஆண்டு பரணை எழுபது அடி தெற்கே, ஓடைக் கரைக்கு நகர்த்தினோம். இப்போது இறங்கும் காற்று ஓடைப் பள்ளத்தோடு போய்விடுகிறது. ஒன்பது ஆண்டில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அந்த எழுபது அடி.

எப்போது உட்காருவது என்பதற்கு இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1 அன்று தொடங்கி நவம்பர் 14 வரை. பிறகு டிசம்பர் 1 முதல் மீண்டும். நடுவே நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிக்காரர்களின் காலம். அக்டோபர் முதல் வாரத்தில் மாலை மட்டும் போகிறேன், அதுவும் வயல் ஓரத்துக்கு மட்டும். ஓக் மேட்டை அப்போது மிதிப்பதே இல்லை. நடு அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கினால் மான்கள் சோயாவை மறந்துவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஓக்கின் கொட்டைதான் முதலில் தீரும். எந்த மரத்தடியில் கொட்டைகளின் தொப்பிகள் நொறுங்கிக் கிடக்கின்றன என்று பார்த்துத்தான் தொங்கு பரணின் இடத்தையே முடிவு செய்தேன். தீனி போட்டு வரவழைக்கும் பழக்கம் இங்கே முன்பு பரவலாக இருந்தது. மான்களிடையே நோய் பரவுவதைத் தடுக்க, எங்கள் பகுதி அடங்கிய தாழ் தீபகற்பத்தில் 2019இல் அதைத் தடை செய்தார்கள். எனக்கு அது இழப்பாகத் தெரியவில்லை. காட்டைப் படிக்கும் வேலையை அது என்மேல் சுமத்தியது.

அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் 14 வரையிலான நாட்களுக்காகத்தான் விடுப்பைச் சேர்த்து வைக்கிறேன். இணைசேரும் பருவத்தைத் தீர்மானிப்பது குளிர் அல்ல. பகல் நீளம் குறைவது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே தேதிகளில்தான் வருகிறது. கருக்காலம் சுமார் 200 நாட்கள். நவம்பர் நடுவில் சேர்ந்தால் குட்டி புல் தழைத்த ஜூன் தொடக்கத்தில் விழும் என்று கணக்குப் போட்டால் இயற்கையின் ஒழுங்கு புரியும். குளிர் செய்வது வேறு: கதகதப்பான நவம்பரில் அதே இணைசேர்க்கை இரவில் நடந்துவிடும். குளிர் அலை ஒன்று வந்து வெப்பநிலை திடீரென்று இறங்கிய மறுநாள் காலை, எந்த வேலை இருந்தாலும் பரணில் இருக்கிறேன்.

அந்த நாட்களில் மதியம் இறங்கிச் சாப்பிடப் போகும் பழக்கத்தை ஐந்தாம் ஆண்டு விட்டேன். என் நோட்டுப் புத்தகத்தில் முதிர்ந்த ஆண் மான்களை வில் எட்டும் தூரத்தில் பார்த்த குறிப்பு பதினொன்று. அதில் நான்கு, காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் இடையில். பெண்மான்கள் படுத்திருக்கும் நேரத்தில் அவற்றின் படுக்கையைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு ஆண் மான்கள் அலைகின்றன. பக்கத்து நிலத்து வேட்டைக்காரர்கள் ஒன்பதரைக்கு இறங்கி வண்டிக்கு நடக்கும்போது கிளம்பும் சலசலப்பும் எனக்கு உதவுகிறது என்று சந்தேகிக்கிறேன். நிலாவுக்கும் ஒரு பத்தி போட்டு நான்கு ஆண்டு எழுதி வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை, அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்புவார்கள். அதுவரை எட்டு மணி வாக்கில் உதித்த சூரியன் அன்று முதல் ஏழு மணி வாக்கில் உதிக்கும். சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான் அம்பு விடலாம். ஓர் ஆண்டு இந்த மாற்றத்தை மறந்து, வெளிச்சத்தில் பரணுக்கு நடந்துபோனேன். மேட்டில் நின்றிருந்த ஐந்து மான்கள் என்னை மரியாதையாக வழியனுப்பின.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் 22 அடியில் கட்டினேன். மான் மேலே பார்க்காது என்று யாரோ சொன்னதை நம்பாமல்தான். மான் தாராளமாக மேலே பார்க்கும், தொல்லைப்பட்ட மான் முதலில் மரத்தைத்தான் பார்க்கும். ஆனால் 22 அடியிலிருந்து அருகில் நிற்கும் மானை நோக்கினால் கோணம் செங்குத்தாகிவிடுகிறது; இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டிய அம்பு ஒன்றை மட்டும் துளைத்து வெளியேறும். நான்காம் ஆண்டு எனக்கு அதுதான் நடந்தது. நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் தெரிந்தது, நல்ல அடி என்று நினைத்து அரை மணியில் தொடர்ந்தேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் காலை ஓடைக்கு அப்பால் கண்டெடுத்தேன். இறைச்சியில் பெரும்பகுதி வீணாகிப் போயிருந்தது. அதன் பிறகு 17 அடிக்கு மேல் கட்டுவதில்லை. மறைவுக்கு உயரத்தை நம்பாமல், முதுகுக்குப் பின்னால் பருத்த அடிமரமும் இலை உதிராத கிளைகளும் இருக்கும் மரமாகத் தேடுகிறேன். 20 கஜத்துக்கு மேல் விடுவதில்லை. பக்கவாட்டில் நின்றாலோ, சற்றே விலகி நின்றாலோதான் நாண் இழுக்கிறேன், அதுவும் அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும் நொடியில். கரும்பழுப்பு இரத்தம் என்றால் ஈரல். நான்கு மணி நேரமாவது பொறுக்கிறேன். பச்சை கலந்த நாற்றம் என்றால் குடல், மறுநாள்தான்.

உடையில் நான் செய்த செலவில் பாதி வீண். மானின் கண் சிவப்பையும் ஆரஞ்சையும் நம்மைப் போலப் பிரித்துப் பார்ப்பதில்லை. நீலத்தை நன்றாகப் பார்க்கும். துப்பாக்கிக் காலத்தில் சட்டப்படி அணியும் ஆரஞ்சு மேலங்கியால் ஒரு கெடுதலும் இல்லை. நீல ஜீன்ஸைத் தவிர்த்தால் போதும். பணத்தைக் கையுறையிலும் காலணியிலும் போடுங்கள். குளிரில் நடுங்குபவரால் அசையாமல் உட்கார முடியாது.

புதிதாக வருபவர்களுக்கு: 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் இங்கே உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மான் கிடைத்தால் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்; 2022 முதல் இது கட்டாயம். பொது நிலத்தில் பரண் கட்டினால் அதில் உங்கள் பெயரும் முகவரியுமோ, ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாள எண்ணோ இருக்க வேண்டும், மரத்தில் ஆணியோ திருகாணியோ இறக்கக் கூடாது.

மறுபடி வாங்குவதென்றால் தொங்கு பரணைத் தயங்காமல் வாங்குவேன். ஏணிப் பரணை வயதான பிறகு வாங்கியிருக்கலாம். கடந்த பருவத்தில் நாற்பத்தைந்து நாட்களில் பதினான்கு நாள்தான் ஏறினேன். முதல் ஆண்டில் ஏறியதில் பாதிகூட இல்லை. நவம்பர் 8 அன்று விடுப்பு எடுத்து, நாலரைக்கு எழுந்து, வண்டியில் போய் இறங்கினேன். இருட்டில் ஓர் இழைப் பஞ்சை விளக்கு வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தேன். கீழைக்காற்று. நேராகச் சதுப்புக்குப் போனது. கதவை ஓசையில்லாமல் மூடி, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த நாள் காற்று மாறியது. பதினொன்றே கால் மணிக்கு அந்த ஆண்டின் மான், ஓடைப் பக்கமாக, தலையைத் தாழ்த்தி மோந்துகொண்டே வந்தது.